சாதாவா, சூப்பரா?

எங்கள் காருக்கு எந்தப் பெற்றோல் போடுவது என்று முடிவெடுக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்ததற்கு ஒரே காரணம், வீட்டில் ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்பது. காரோடு ஒரு சின்னப் புத்தகம் வந்திருந்தது. பச்சை அட்டை. மூலைகளில் கிறீஸ் படிந்த விரல் அடையாளங்கள். என் கணவர் அதைக் கோயில் பிரசாதம் போல இரண்டு கையாலும் ஏந்தி வந்து என்னிடம் தந்தார்.

"நீர்தானே படிச்சனீர். இந்தக் கார் என்ன குடிக்குமெண்டு வாசிச்சுச் சொல்லும்."

கிளிநொச்சியில் எங்களுக்குக் காணி கிடைத்து ஐந்தாவது வருஷம் அது. யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடம் முடித்து, கல்யாணம் கட்டி, வாய்க்கால் கரையோரம் இருந்த ஒரு ஓலை வீட்டுக்கு வந்தவள் நான். அந்த வருஷம் காலபோக நெல் எல்லோருக்கும் நன்றாக விளைந்திருந்தது. ஓலை வீடு ஓட்டு வீடாகியது. அதற்குப் பிறகு இவர் ஒருநாள் வவுனியாவுக்குப் போய், உத்தியோகத்தில் இருந்து ஓய்வுபெற்று ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு நில அளவையாளரிடம் இந்தக் காரை வாங்கிக்கொண்டு வந்து முற்றத்தில் நிறுத்தினார். சாம்பல் நிறம். இடது பக்கப் பின்கதவை உள்ளே இருந்து திறக்க முடியாது. மற்றபடி குறை சொல்ல ஒன்றுமில்லை. நான் மூன்று தரம் சுற்றிவந்து குறை தேடினேன் என்பது உண்மை.

அந்த அளவையாளர் கார்த் திறப்பைக் கொடுக்கும்போது, "பெற்றோல் மட்டும் பார்த்துப் போடுங்கோ" என்று சொல்லியிருக்கிறார். எதைப் பார்த்து என்று இவர் கேட்கவில்லை. கிளிநொச்சிப் பெற்றோல் செட்டில் அப்போது இரண்டு பம்புகள் நின்றன. ஒன்று எல்லோரும் போடுகிற சாதா. மற்றது புதிதாக வந்த சூப்பர். சூப்பர் பம்புக்குப் புதுச் சிவப்புப் பூச்சு. அதற்கு முன்னால் வாகனங்கள் நின்று நான் அதிகம் கண்டதில்லை.

எனக்கு இந்தக் கேள்வி ஏன் அவ்வளவு பெரிதாகப் போயிற்று என்றால், கார் முதன்முதலாகத் தூரப் பயணம் போகவிருந்தது எங்கள் மகளின் நேர்த்திக்கு.

மாசி மாதம் மகளுக்குச் சின்னமுத்து என்கிற அம்மை வந்தது. அப்போது அவளுக்கு ஒன்றரை வயது. மூன்று நாள் காய்ச்சல் இறங்கவில்லை. நான் தண்ணீரை ஒருதரம் கொதிக்கவைத்தேனா இரண்டுதரமா, சன்னலைத் திறந்தது பிழையோ, பூட்டியது பிழையோ என்று என்னையே விசாரித்துக்கொண்டு திரிந்தேன். கடைசியில் வற்றாப்பளைக் கோயில் அம்மாளை நினைத்து ஒரு நேர்த்தி வைத்தேன். பிள்ளை சுகப்பட்டால் வைகாசிப் பொங்கலுக்குக் கொண்டுவந்து, உன்னிடம் விற்று வாங்குவேன் என்று. எங்கள் பக்கத்தில் இது வழக்கம். பிள்ளையை அம்மாளுக்கென்று கொடுத்துவிடுவது. பிறகு ஒரு கொத்து நெல்லோ வேறு எதுவோ கொடுத்து, அம்மாளின் பிள்ளையாகத் திரும்ப வாங்கிக்கொள்வது. அதற்குப் பிறகு அந்தப் பிள்ளைக்கு ஒன்றும் வராது.

பிள்ளை சுகப்பட்டாள். நேர்த்தி பாக்கி நின்றது. பொங்கல் திங்கட்கிழமை. அந்த நாளைத் தவறவிட்டால் அடுத்த வருஷம். பொங்கலுக்குப் போகிற பஸ்ஸின் நெரிசலில் நோயில் இருந்து எழும்பிய பிள்ளையைக் கொண்டுபோக எனக்கு மனம் வரவில்லை. காரில் போவதென்றால், பரந்தனில் இருந்து கோயிலுக்குப் பக்கத்து முள்ளியவளை வரை பாதி வழி காடு. நடுவில் கார் நின்றால் நேர்த்தியும் நின்றுவிடும். ஆகவே பெற்றோல் சரியாக இருக்க வேண்டும். நான் அப்படித்தான் கணக்குப் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மகள் நித்திரையானதும் புத்தகத்தை எடுத்தேன். பெற்றோலுக்கு ஒரு பக்கம்தான் இருந்தது. அதை ஏழெட்டுத் தரம் வாசித்தேன். அதில் எழுதியிருந்தது இதுதான்: இந்தக் கார் இரண்டு விதமான எஞ்சினோடு வரும். ஒன்று அழுத்தம் கூடியது. அதற்கு உயர்ந்த பெற்றோல் வேண்டும், இல்லாவிட்டால் எஞ்சின் உள்ளே தட்டும். மற்றது அழுத்தம் குறைந்தது. அதற்குச் சாதாரண பெற்றோல் போதும், உயர்ந்ததைப் போட்டாலும் ஒரு நன்மையும் இல்லை. எது எங்களுடையது என்பதை எஞ்சினில் பதித்த தகட்டில், இலக்கத்துக்கு முன்னால் உள்ள எழுத்துச் சொல்லும். எச் என்றால் கூடியது. எல் என்றால் குறைந்தது.

இவர் பொனற்றைத் திறந்து பிடித்தார். நான் குனிந்து பார்த்தேன். தகட்டில் எண்ணெயும் புழுதியும் சேர்ந்து தார் போல இறுகியிருந்தது. ஒரு நிமிர்ந்த கோடு மட்டும் தெரிந்தது. இரண்டு எழுத்துக்கும் அந்தக் கோடு உண்டு.

"மண்ணெண்ணெய் போட்டுத் துடைப்பம்" என்றார் இவர். துடைத்தார். கோடு கொஞ்சம் பளபளத்தது. அவ்வளவுதான்.

குசினிப் பக்கம் என் மச்சாள், இவருடைய தமக்கை, பொங்கலுக்குக் கொண்டுபோகிற செம்பையும் குத்துவிளக்கையும் பழப்புளி போட்டு மினுக்கிக்கொண்டிருந்தா. நான் போய் அந்தப் புளியில் ஒரு உருண்டை எடுத்தேன்.

"எங்க கொண்டு போறீர்?"

"காருக்கு."

அவா புளிச்சட்டியைத் தூக்கிக்கொண்டு என் பின்னால் வந்தா. வந்து, நான் தேய்க்கிற விதம் சரியில்லை என்று என்னை ஒதுக்கிவிட்டுத் தானே தேய்த்தா. சாம்பல் தொட்டு, புளி தொட்டு, விளக்கின் மூலைமுடுக்கை மினுக்குவது போல. தகடு மெல்ல மஞ்சளாக வந்தது. நான் கொஞ்சம் திருநீற்றை எடுத்துப் பதிவுக்குள் தடவி ஊதினேன். நிமிர்ந்த கோட்டின் அடியில் ஒரு சின்னக் கால் வெள்ளையாகத் தெரிந்தது.

எல்.

எனக்கு அப்போது வந்த சந்தோஷம் பள்ளிக்கூடச் சோதனை மறுமொழி வந்த அன்றுகூட வந்ததில்லை. "சாதா போதும்" என்றேன்.

"நான் அப்பவே சொன்னனான்" என்றார் இவர். "வயல் உழுகிற ரக்ரரே மண்ணெண்ணெயில ஓடுது. இதுக்கென்ன."

"நானும் அதைத்தான் சொல்ல இருந்தனான்" என்றா மச்சாள். "சூப்பர் சூடு."

"எது சூடு, மச்சாள்?"

"சூப்பர். பேரைப் பார்த்தாலே தெரியேல்லையோ? வைகாசி வெயில், அதுக்குள்ள சூடான எண்ணெய். அம்மாள் வருத்தம் வந்த பிள்ளை இருக்கிற கார். மூண்டு மாசமா வீட்டில ஒரு பொரியல் பொரிக்கேல்லை, கத்தரிக்காய் காய்ச்சேல்லை. இப்ப போய்க் காருக்குச் சூட்டைக் குடுக்கிறதோ?"

பெற்றோலுக்குச் சூடு குளிர்மை இல்லை என்று எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படித்தவள். ஆனாலும் அவா சொன்னபிறகு அது என் மூளையில் ஒரு மூலையில் போய் இருந்துகொண்டது. இருந்துகொண்டு இன்னொரு பேச்சையும் கிளப்பியது. என் பிள்ளைக்குப் பால்மா வாங்கும்போது கடையில் உள்ளதில் நல்லதைத்தானே கேட்கிறேன். பெற்றோல் மட்டும் ஏன் இரண்டாந்தரம்? அந்தத் தகட்டில் இருந்தது உண்மையில் கால்தானா, அல்லது கீறலா?

திங்கட்கிழமை விடிய, காரைப் பார்த்து நான் சிரித்துவிட்டேன். மச்சாள் முன்பக்கத்துக் கம்பித் தட்டி முழுவதையும் வேப்பிலைக் கொத்துகளால் மூடிக் கட்டியிருந்தா. அம்மாள் கோயிலுக்குப் போகிற வண்டிலுக்கு வேப்பிலை கட்டுவது வழக்கம்தான். ஆனால் வண்டிலுக்கு ஒரு கொத்துத்தான். இது காரென்றபடியால் அவா ஒரு கிளையையே முறித்திருந்தா. காரின் முகம் தாடி வைத்தது போல இருந்தது.

"குளிர்மையாப் போகட்டும்" என்றா.

பின் சீற்றில் மச்சாளும் பொங்கல் பானையும் அரிசியும் தேங்காயும். முன்னால் நான், மடியில் மகள், மகளின் கையில் அந்தப் பச்சைப் புத்தகம். பெற்றோல் செட்டில் இவர் காரைச் சாதாப் பம்பின் முன் நிறுத்தினார். பம்புக்காரர் வந்து குழாயைக் கையில் எடுத்தார்.

"எத்தினை கலன் பெற்றோல்?"

"நாலு" என்றார் இவர்.

"இஞ்சாருங்கோ" என்றேன் நான்.

இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தக் குரல் அவருக்குத் தெரியும்.

"இரண்டு சாதாவும் இரண்டு சூப்பரும் போட்டால் என்ன?"

பம்புக்காரர் குழாயைப் பிடித்தபடியே என்னையும் பிறகு வேப்பிலையையும் பார்த்தார். "நான் இந்த வேலைக்கு வந்து இப்பிடி ஒருத்தரும் கேட்டதில்லை, தங்கச்சி. காருக்கும் பத்தியமோ?"

எங்களுக்குப் பின்னால் ஒரு லொறி நின்றது. முல்லைத்தீவுப் பக்கத்து முஸ்லிம் வியாபாரி ஒருவர், நாங்கள் மரியாதையாக நானா என்று கூப்பிடுகிற ஆள், பொங்கலுக்குக் கைக்காப்புக் கடை போடச் சாமான் ஏற்றிக்கொண்டு போகிறவர். தலையை வெளியே நீட்டி, "என்ன தம்பி, பிரச்சினையோ?" என்று கேட்டார். பம்புக்காரர் விளக்கிச் சொன்னார். சொல்லவேண்டியதைவிடக் கொஞ்சம் கூடவே சொன்னார்.

"வற்றாப்பளைக்கோ போறியள்?" என்றார் அந்த நானா. "அங்க அம்மாள் கடல் தண்ணியில விளக்கெரிக்கிறா. நீங்கள் இஞ்ச இரண்டு பெற்றோலுக்கு நடுவில நிண்டு தவிக்கிறியள். எதையாவது ஊத்துங்கோ தம்பி, என்ர காப்பெல்லாம் வெயிலில வளையுது."

மச்சாள் பின்னால் இருந்து சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டா. இவர் இரண்டு சாதா போட்டு, காரைத் தள்ளி நிறுத்தி, இரண்டு சூப்பர் போட்டார். எனக்கு ஐந்து நிமிஷம் மனம் நிம்மதியாக இருந்தது. ஆறாவது நிமிஷம், ஒன்றோடொன்று ஒத்துவராத இரண்டைக் கலந்துவிட்டேனோ என்று யோசிக்கத் தொடங்கினேன்.

பரந்தனில் கிழக்கே திரும்பினோம். சோளகக் காற்று முதுகுக்குப் பின்னால் இருந்து தள்ளியது. மகள் ஒவ்வொரு மாட்டையும் பார்த்துக் கைதட்டினாள். இவர் ஒரு பழைய பாட்டை மூக்கால் முனகிக்கொண்டு ஓட்டினார். சந்தோஷமான மனிதர் அவர். கார் ஓடுவதே அவருக்கு ஒரு நேர்த்தி நிறைவேறியது போல.

விசுவமடுவை நெருங்கும்போது முதலில் நான்தான் கேட்டேன். எஞ்சினுக்குள் யாரோ விரலால் தட்டுகிற மாதிரி ஒரு சத்தம். தட்டும் என்று புத்தகத்தில் இருந்தது. வாய்விட்டுச் சொன்னால் உண்மையாகிவிடும் என்று பயம். இன்னும் ஒரு மைல்கட்டை தூரம் போயிருப்போம், பொனற்றின் இரண்டு பக்கத்தாலும் வெள்ளைப் புகை எழும்பியது. இவர் காரை ஒரு பாலை மரத்தின் கீழே ஓரங்கட்டினார். உள்ளே தண்ணீர் களகளவென்று கொதிக்கிற சத்தம் எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பத்து யார் தூரம் தள்ளி நின்றேன். மச்சாள் கதவை உள்ளே இருந்து திறக்க முடியாமல் சன்னலால் தலையை நீட்டினா.

"நான் சொன்னனான், சூடெண்டு. அந்தப் பாதி சூப்பர்தான் வேலை காட்டுது."

இவர் புகையைச் சுற்றி நடந்தார். "இல்லையக்கா. அந்த அளவையாளர் முழுக்கச் சூப்பர் போட்டுப் பழக்கியிருப்பார். பாதி சாதா போனபடியால் எஞ்சினுக்குப் பிடிக்கேல்லை."

முதல்நாள், சாதா போதுமென்று தானும் அப்பவே சொன்னதாகச் சொன்னவர் இவர்தான். ஆனால் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சூப்பர் பிழையென்றாலும் நான்தான் போடச் சொன்னேன். சாதா பிழையென்றாலும் நான்தான் வாசித்துச் சொன்னேன். ஒரு பெற்றோலை மட்டும் போட்டிருந்தால் பாதிப் பழியோடாவது தப்பியிருப்பேன். பொங்கல் தொடங்கிவிடும். நேர்த்தி காட்டுக்குள் நிற்கிறது.

அப்போது காப்பு லொறி வந்து நின்றது. நானா இறங்கி வந்து, புகையைப் பார்த்து, முதலில் மச்சாளைக் கதவைத் திறந்து இறக்கிவிட்டார். "அக்காவை முதல் காப்பாத்துவம். பிறகு காரை."

இவர் துணியைச் சுற்றிக்கொண்டு றேடியேற்றர் மூடியைத் திறக்கப் போனார். "தொடாதேங்கோ" என்று கத்தினேன். புத்தகம் மகளின் கையில் இருந்தது. அவள் அதன் ஒரு மூலையைச் சப்பி ஈரமாக்கியிருந்தாள். நான் அதுவரை பெற்றோல் பக்கத்தைத் தவிர வேறெதையும் வாசிக்கவில்லை. எஞ்சின் கொதித்தால் என்ன செய்வது என்று ஒரு பக்கம் இருந்தது. நடுவீதியில் நின்று ஒவ்வொரு வரியாகத் தமிழாக்கி உரத்து வாசித்தேன்.

"எஞ்சின் ஆறும்வரை மூடியைத் திறக்க வேண்டாம்."

இவர் கையை எடுத்தார்.

"தண்ணீர் மட்டத்தைப் பார்க்கவும். காற்றாடி வாரைப் பார்க்கவும்." அடுத்த வரியை முதலில் மனதுக்குள் வாசித்தேன். பிறகு மெதுவாக, "முன்பக்கத் தட்டியினூடாகக் காற்றுப் போவதை ஏதாவது மறைக்கிறதா என்று பார்க்கவும்" என்றேன்.

நாலு பேரும் காரின் முகத்தைப் பார்த்தோம். வேப்பிலைகள் வெந்து, கறுத்து, கீரை போலத் தொங்கின.

மச்சாள் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டா.

"அது அம்மாளின்ர இலை" என்றா. "பிடுங்கி எறியேலாது."

இவர் என்னைப் பார்த்தார். நான் புத்தகத்தைப் பார்த்தேன். அதில் இதற்கு வழி இல்லை. அந்த நானாதான் தன் தாடியைத் தடவிக்கொண்டு சொன்னார்: "எறியச் சொல்லேல்லை அக்கா. அவ்வளவு பெரிய ஆளை ஏன் வெளியில வெயிலுக்குள்ள இருத்திக் கொண்டு வாறியள்? உள்ளுக்கு ஏத்துங்கோ. உங்கட பக்கத்தில இடம் கிடக்குத்தானே."

மச்சாள் அதைச் சரியான மரியாதையாக எடுத்துக்கொண்டா. ஒவ்வொரு கொத்தாகத் தானே அவிழ்த்து, பின் சீற்றில் தன் பக்கத்தில் ஒரு வெள்ளைத் துணி விரித்து அதன்மேல் வைத்தா. பொங்கல் பானையில் தண்ணீர் அள்ள அவா விடவில்லை. நானா தன் லொறியில் இருந்த தகர வாளியை எடுத்துக்கொண்டு பக்கத்துக் குளத்துக்குப் போய்வந்தார். அரை மணித்தியாலம் எஞ்சின் ஆறியது. அந்த நேரத்தில் அவர் மகளின் கைக்கு அளவு பார்த்து இரண்டு பச்சைக் காப்புப் போட்டுவிட்டார். அதை வேண்டாமென்று சொல்ல எனக்கு நேரம் தரவில்லை.

"ஒண்டு தெரியுமோ தங்கச்சி" என்றார், போகும்போது. "இந்த வருஷம் முதல் பொங்கல் விசுவமடுவிலதான் பொங்கினது. அங்க போய்ச் சொல்லுங்கோ, நாங்கள் முந்தீட்டம் எண்டு."

இவர் பாலை மரத்தில் சாய்ந்து சிரிக்கத் தொடங்கினார். இவர் சிரித்தால் லேசில் நிற்கமாட்டார். மச்சாள் முதலில் கோபமாகத்தான் பார்த்தா. பிறகு அவாவின் தோள் குலுங்கத் தொடங்கியது. என் சிரிப்பில் கொஞ்சம் அழுகையும் கலந்திருந்தது. மகள் எதற்கென்று தெரியாமல் எங்களோடு சேர்ந்து கைதட்டினாள்.

அங்கிருந்து கோயில் வரை எஞ்சின் ஒரு தட்டுத் தட்டவில்லை. அன்றிலிருந்து இன்றுவரை சாதாதான் போடுகிறோம். புத்தகம் சொன்னது சரி. தகட்டில் இருந்தது கால்தான். இருந்தாலும் பெற்றோல் செட்டில் இவர் ஒருகணம் தாமதித்து என் பக்கம் திரும்பாமல் ஒருநாளும் "நாலு" என்று சொல்வதில்லை.

வற்றாப்பளையில் நாங்கள் சேரும்போது மணலில் கால்வைக்க இடமில்லை. எங்கு பார்த்தாலும் அடுப்பு, புகை, தென்னோலை, பிள்ளைகளின் அழுகை. ஒரு மூலையில் மூன்று கல் வைத்து மச்சாள் பானையை ஏற்றினா. பால் பொங்கி வழிந்ததும், இவர் மகளைத் தோளில் வைத்துக்கொண்டு வழி விலக்கிச் சென்றார். நான் பின்னால் போனேன். சன்னிதியில் ஐயர் கையை நீட்டினார்.

"ஆருக்குக் குடுக்கிறியள்?"

"அம்மாளுக்கு" என்றேன்.

"முழு மனசோடயோ?"

இந்தக் கேள்வியை எல்லோரிடமும் கேட்பார்களோ, என் முகத்தைப் பார்த்துக் கேட்டாரோ தெரியாது. "ஓம்" என்றேன். அவர் மகளை வாங்கிக்கொண்டு உள்ளே திரும்பினார். அவள் அழவில்லை. புதுக் காப்பு இரண்டையும் விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

என் கைகள் வெறுமையாக இருந்தன. அவள் பிறந்து ஒன்றே முக்கால் வருஷத்தில் முதல் தரமாக, அவள் எதைச் சாப்பிட்டாள், ஏன் இருமினாள், நான் செய்தது சரியா பிழையா என்று கேட்க வேண்டியவள் நானாக இருக்கவில்லை. என்னைவிடப் பெரியவள் ஒருத்தியிடம் பிள்ளை இருந்தாள். நெரிசலுக்குள் நின்றும் எனக்கு மூச்சு அடிவயிறு வரை போய் வந்தது. அது ஒரு நிமிஷம்கூட இருந்திராது. இன்னும் கொஞ்சம் நீளட்டும் என்று நினைத்தேன் என்பதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனால் நினைத்தேன்.

இவர் எங்கள் வயல் நெல்லை ஒரு கொத்து அளந்து பெட்டியில் கொட்டினார். ஐயர் மகளைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். "அம்மாளின்ர பிள்ளை. வளர்த்துத் தாறது உங்கட வேலை. பயப்பிடாமல் கொண்டு போங்கோ."

நான் அவளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, புறங்கையை அவள் நெற்றியில் வைத்துப் பார்த்தேன்.

"வாங்கி இன்னும் வாசல் தாண்டேல்லை" என்றா மச்சாள் ஐயருக்கு. "அதுக்குள்ள சோதிக்கத் தொடங்கீட்டா."

ஐயர் சிரித்தார். இவரும் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே, மறு கையாலும் ஒருதரம் பார்த்தேன்.